பழையனூர் நீலியும் காரைக்காற் பேயும்

இறைவன் எங்கும் நிறைந்தவனாயின், ஓரிடத்தை மட்டும் திருத்தலமெனக் கொள்வது எங்ஙனம்? அற்புதம் நிகழ்ந்தமையே அதற்குக் காரணம் என்பார் உளர். அது பொருந்தாமை திருவாலங்காட்டு வரலாற்றால் விளங்கும்.

திருவள்ளூர் மாவட்டத்துள்ள இத்தலம் பழையனூரை அடுத்தது. இதனைச் சார்ந்து பேயின் வரலாறு இரண்டு வழங்குகின்றன. ஒன்று நீலி கதை. தன்னைக் கொன்ற வணிகனை நீலி என்னும் பேய் அவன் மனைவிபோல் நடித்துத் தொடர்ந்தது. அவனுயிர்க்குப் பிணைநின்ற பழையனூர் வேளாளர் எழுபதின்மர், அவன் மாண்டது கண்டு, சொற்பிழையாது தீப்பாய்ந்தனர் என்பர். வஞ்சத்தால் உயிர்கொண்ட ஒருத்தியின் செய்தியை 7-ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தரும் இத்தலப் பதிகத்துட் குறித்தருளினார்.

மற்றொன்று, அவர்க்கு முற்பட்ட காரைக்காலம்மையார் வரலாறு. பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையார், தம் மூத்த திருப்பதிகங்களில் இவ்விடத்தை அழகுபடுத்திப் பாடினாரல்லர். கள்ளியும் நரியும் பேயும் பிணஞ்சுடு தீயும் நிறைந்த காடாகவே பாடினார். அக்காட்டின் நடுவே இறைவன் ஆடல் கண்டு மகிழ்ந்தார். அவர் இத்தலத்துட் காலால் மிதியாது தலையால் நடந்து புக்கனர் என 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் அருளிச்செய்தார்.

அம்மையார் தலையால் நடந்த நிலத்தை மிதிக்க அஞ்சிச் சம்பந்தப்பிள்ளையார் அயலூரில் தங்கினர் என்றும், இறைவன் கனவில் தோன்றித் தம்மைப் பாட மறந்தனையோ என்று வினவ, பதிகம் பாடினர் என்றும் அப்புராணமே கூறும். நீலியின் செய்தி அறிந்த பிள்ளையாரை ஊர்ப்புறத்தே நிறுத்தியது அவ்வச்சமன்று. அம்மையார்பால் வைத்த வணக்கமே என்க.

நீலியும் பேய், அம்மையாரும் தம்மைக் காரைக்காற் பேய் என்றே கூறிக்கொண்டார். இருவர் வரலாறும் வியப்புடையனவே. ஆயினும் பகை பற்றிய வியப்பு அச்சத்தை விளைத்தது. அன்பு பற்றிய வியப்பு சுடுகாட்டைத் திருக்கோயிலாக்கியது. பின்னர் முதலாம் இராசேந்திர சோழர், தம் 6-ஆம் ஆட்சியாண்டில், நீலி கதை வழங்கும் அப்பழையனூரையே ஆலங்காட்டிறைவர்க்குத் தேவதானமாக அளித்தனர். 1905-இற் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இதற்குச் சான்றாம்.

பாலில் நெய் மறைந்திருத்தல்போல இறைவன் யாண்டும் உளன். மெய்யடியாரிடத்தே தயிரில் நெய்போல விளங்குவன் என்பது சித்தாந்த நூற்றுணிபு. ஆகலின் தலம் புகுவார், ஈண்டு நிகழ்ந்த அற்புதம் யாது என வினவுவதனோடு அமையாது, ஈண்டு அன்பு செய்தார் யாவர் எனவும் வினவியே அடியெடுத்து வைத்தல் வேண்டும்.