வீட்டின் விலையும் சட்டத்தின் எழுத்தும்

பாலக்காட்டிலோ மூணாற்றுப் பக்கத்திலோ பூர்வீக வீட்டை வைத்துவிட்டுத் தில்லியிலும் மும்பையிலும் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் பலர், அவ்வீட்டை ஈடாகக் காட்டிக் கடன் கேட்கையில் சற்று வியப்படைகின்றனர். மதிப்பிட வருபவர் தேக்குத் தூணையும் ஓட்டுக் கூரையையும் நோக்குமுன் பத்திரத்தைப் புரட்டுகிறார். இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று.

1956 வரை பாலக்காடு, சென்னையிலிருந்து ஆளப்பட்ட மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அங்கே நிலம் ஜன்மிக்கு உரியது. காணக்காரர் எனப்படுபவர் ஜன்மிக்கு ஒரு தொகையை முன்னதாகத் தந்து நிலத்தை அனுபவிப்பார். அத்தொகைக்குரிய வட்டியைப் பாட்டத்தில் கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்துவார். பன்னிரண்டு ஆண்டு கழிந்தால் காணத்தைப் புதுப்பிப்பது மரபு. இது குத்தகையா, அடைமானமா? ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் ஜன்மியை முழு உடைமையாளராகக் கொண்டு, காணத்தை மீட்கத்தக்க அடைமானம் போலவே நடத்தின. முன்பணத்தைத் திருப்பித் தந்து குடியை வெளியேற்றும் வழக்குகள் பெருகின. இவற்றை ஆராய 1881இல் நியமிக்கப்பட்ட வில்லியம் லோகன், நாட்டு வழக்கத்தை நீதிமன்றங்கள் பிழையாகப் புரிந்துகொண்டன என்று கருதினார்.

வெளியேறும் குடியானவர் தாம் கட்டிய வீட்டைத் தோளில் சுமந்து செல்ல இயலுமா? வெட்டிய கிணற்றையும் நட்ட தென்னையையும் என் செய்வது? இவற்றைக் 'குழிக்கூர்' என்று மலையாளத்தில் கூறுவர். இவற்றுக்கு உரிய விலையைத் தராமல் குடியை வெளியேற்றலாகாது என்று 1887இல் சென்னை அரசாங்கம் சட்டம் செய்தது. ஆனால் விலையைக் கணக்கிடுவது எப்படி என்பதில் வழக்கு ஓயவில்லை. 1900இல் புதிய சட்டம் வந்து, குடியிருப்பு வீடு, கிணறு, குளம், மரம் ஆகியவை மேம்பாடுகளே எனத் தெளிவாக்கி, மதிப்பிடும் முறையையும் வகுத்தது. மரங்களை எண்ணி விலையிடுவது நீதிமன்றங்களின் வேலையாயிற்று. அந்த எண்ணிக்கையில்தான் குடும்பங்களின் கதி அடங்கியிருந்தது. மதிப்பு உயர்ந்தால் ஜன்மியால் மீட்க முடியாது, குடி நிலைக்கும். தாழ்ந்தால் குடி பெயரும்.

(சித்தூரார் இக்கதையைத் தமதென எண்ண வேண்டா. அவ்வூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. அங்கே வேறு சட்டம்.)

1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், திருத்தங்களுடன் 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, குத்தகை நிலத்தில் ஜன்மிக்கிருந்த உரிமை சர்க்காரைச் சேர்ந்தது. காணக்காரர் உடைமையாளராகும் வழி திறந்தது. பிறர் நிலத்தில் குடிசையிட்டிருந்தோர் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை விலைக்குப் பெறலாயினர். குடியிருந்தவரே ஈடு வைக்கும் நிலை பிறந்தது.

ஆயினும் எழுத்தின் ஆட்சி ஒழியவில்லை. 'நிலம்' என்றால் நமக்கு எல்லா மண்ணும் நிலமே. கேரள வரிப் பதிவேட்டிலோ அச்சொல் நன்செய்யைக் குறிக்கும். வீட்டு மனையும் தோட்டமும் 'புரயிடம்' எனப்படும். 2008இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், 'நிலம்' என்று பதிவான மனையில் வீடு கட்டுவது கடினமாயிற்று; மனையின் மதிப்பும் சரிந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம், நெல்வயலாக அறிவிக்கப்படாத மனைகளுக்குக் கட்டணம் செலுத்தித் தன்மையை மாற்றிக்கொள்ள இடமளித்தது. ஒரு செங்கல்லும் கூடாமல், பதிவு மாறியதனால் மட்டுமே விலை ஏறியது. 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் வீட்டு மதிப்பின் 90 சதவீதம் வரை தரலாம் என்பது 2015இல் ரிசர்வ் வங்கி வகுத்த வரம்பு; மதிப்புத் தாழ்ந்தால் கடனும் தாழும்.

இடுக்கி மலைப்பகுதியில் இடர் இன்னும் பெரிது. 1964ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கே பட்டா சாகுபடிக்கும் குடியிருப்புக்குமே வழங்கப்பட்டது. அம்மனையில் கடை கட்டினாலும் விடுதி கட்டினாலும் நிபந்தனை மீறிய கட்டடம். அவற்றை முறைப்படுத்தும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளிக்கும் திருத்தம் 2023இல் சட்டசபையில் நிறைவேறி, 2024இல் கவர்னரின் ஒப்புதலைப் பெற்றது. இதனிடையே, தேவிகுளம் தாலுகாவில் 1999இல் வழங்கிய 530 பட்டாக்களை இரத்துச் செய்யுமாறு 2022 ஜனவரியில் சர்க்கார் ஆணையிட்டது. கையெழுத்திட்டவருக்கு அதிகாரமில்லை என்பது காரணம். அதிகாரத்தைச் சோதித்துப் பாராமல் பட்டாவைப் பெற்றுக்கொண்ட ஏழை என்ன குற்றம் செய்தார் என்பது நமக்கு விளங்கவில்லை. பட்டா இரத்தாகும் என்னும் அச்சமுள்ள வீட்டை எந்த வங்கி ஈடாகக் கொள்ளும்?

அதே மூணாற்றில், தேயிலைத் தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த அறைகள் கம்பெனியின் உடைமை. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். அங்கே மதிப்பீட்டாளர் வருவதில்லை.