நிறமும் மணமும் சுவையும் மாறாத நஞ்சு

பிக்ஹு நூலைத் திறக்கும் மாணவன் ஓதும் முதற்பாடம் தண்ணீரைப் பற்றியதே. எந்நீரால் ஒளூச் செய்யலாம், எது அசுத்தமாகும் என்பதை அறிந்த பின்னரே தொழுகைப் பாடத்துக்குள் நுழைகின்றோம். அசுத்தம் விழுந்து நிறம், மணம், சுவை ஆகிய மூன்றில் ஒன்று மாறிவிட்டால், எவ்வளவு பெருநீராயினும் அது தூய்மையன்று என்பது இமாம்களின் ஒருமித்த முடிவு. மாறாதிருக்கும் நீருக்கு ஷாபிஈ மத்ஹபினர் இரண்டு குல்லத் அளவை எல்லையாகக் கொண்டனர். ஹனபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் பத்துக்குப் பத்து முழப் பரப்பை எல்லையாகக் கொண்டனர். வணக்கத்திற்கான இச்சட்டத்தைக் குடிநீருக்கும் போதுமான அளவுகோலாகக் கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடை காண ஒரு நுண்ணுயிரின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1885 ஆம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்னும் குழந்தை மருத்துவர், பச்சிளங் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது கோல் வடிவான ஒரு நுண்ணுயிரைக் கண்டு விவரித்தார். பின்னாளில் அவர் பெயராலேயே அது எஷரிக்கியா கோலை என வழங்கலாயிற்று. சுருக்கமாக ஈ.கோலை என்பர். மனிதன் பிறந்த சில நாள்களுக்குள் குடலில் குடியேறி, ஆயுள் முழுவதும் உடன் வாழும் உயிர் இது. இதன் வகைகளிற் பெரும்பாலானவை எத்தீங்கும் செய்வதில்லை. வைட்டமின் கே சத்தை உண்டாக்கியும், தீய கிருமிகளுக்கு இடங்கொடாமல் தடுத்தும் உதவுகின்றன. ஆகவே நெடுங்காலம் மருத்துவ உலகம் இதனை ஐயுறவில்லை.

அந்த ஐயத்தைச் சோதனையால் வலுப்படுத்தியவருள் ஒருவர் நம் நாட்டவர். கல்கத்தாவின் மருத்துவ அறிஞர் சம்புநாத் தே (1915-1985) அவர்களே அவர். 1884 இல் இராபர்ட் காக் அந்நகரில் காலராக் கிருமியை ஆராய்ந்து சென்றிருந்தார். அக்கிருமி உடலை எவ்வாறு வற்றச் செய்கிறது என்பதோ எழுபது ஆண்டுகள் விளங்காமலே கிடந்தது. தே அவர்கள் முயலின் குடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். அக்குடற்கண்ணி நீரால் நிரம்பி வீங்கிற்று. இம்முறையை அவர் 1953 இல் வெளியிட்டார். 1956 இல் வயிற்றுப்போக்கு நோயாளரிடமிருந்து எடுத்த ஈ.கோலை வகைகளையும் அவ்வாறே சோதித்தார். அவற்றுட் சில, காலராக் கிருமியைப் போன்றே குடலை நீரால் நிரப்பின! 1959 இல் கிருமிகளை வடிகட்டி நீக்கிய நீர் மட்டுமே காலராவின் விளைவை உண்டாக்குவதைக் காட்டி, கொல்வது கிருமி விடுக்கும் நஞ்சே என நிறுவினார். அதனையொத்த நஞ்சைச் சில ஈ.கோலை வகைகளும் விடுக்கின்றன என்பது அடுத்து வந்த ஆண்டுகளில் உறுதியாயிற்று.

எளிய கருவிகளைக் கொண்டு இத்துணை பெரிய உண்மையைக் கண்டவரை நம் நாடு உரிய காலத்திற் போற்றவில்லை. 1978 இல் நோபல் அமைப்பினரின் காலரா ஆய்வரங்குக்கு அழைக்கப்பட்டார். எனினும் அவர் மறைந்த பின்னரே இந்திய அறிவியல் இதழ்கள் அவர் பெருமையை விரிவாகப் பேசின.

அந்நஞ்சின் செயல் இது: குடற்சுவரின் அணுக்களைத் தூண்டி, உடலின் நீரையும் உப்பையும் குடலுக்குள் கொட்டச் செய்கிறது. குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் அந்த நீரிழப்பே. ஆயினும் சர்க்கரையும் உப்பும் சேர்ந்த நீரைக் குடல் உறிஞ்சும் ஆற்றல் அப்போதும் கெடுவதில்லை. 1971 இல் வங்காள அகதிகள் முகாமில் திலீப் மகாலானபிஸ் அவர்கள் அத்தகைய கரைசலைப் புகட்டியே எண்ணற்றோரைக் காத்தார். இன்று அந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

வேறு சில வகைகள் இன்னும் கொடியவை. சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்பவை. 2011 இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியே பரவிய ஒரு வகை ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. சிறுநீர்ப் பாதை நோய்களிற் பெரும்பாலானவற்றுக்கும் ஈ.கோலையே காரணம், பெண்களுக்கு அது மிகுதி. இஸ்தின்ஜாவின்போது முன்னிருந்து பின்னோக்கிச் சுத்தம் செய்யும்படி பெண்மக்களுக்குத் தாய்மார் கூச்சமின்றிக் கற்பிக்க வேண்டும்.

2010 இல் மற்றோர் எச்சரிக்கை நம் சென்னையிலிருந்தே எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி அவர்களும் பிறநாட்டறிஞரும், மிக வலிய மருந்துகளுக்கும் அடங்காத ஈ.கோலை முதலான கிருமிகள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இங்கிலாந்திலும் காணப்படுவதை வெளிப்படுத்தினர். மருத்துவரைக் கேளாமல் மாத்திரை வாங்கி விழுங்குவதும், பாதியில் நிறுத்துவதும் இத்தகைய கிருமிகளை வளர்க்கும் செயல்களேயாம்.

இனி, தொடங்கிய வினாவுக்கு வருவோம். பெரணமல்லூர் போன்ற பட்டு நெசவூர்களில் சாயம் கலந்த நீரை எவரும் வாயில் வைப்பதில்லை. நிறமே காட்டிக் கொடுத்துவிடும். மலக்குழியின் கசிவு கிணற்றிற் சிறிதளவு கலந்தாலோ நிறம் மாறுவதில்லை, மணம் வருவதில்லை, சுவையும் கெடுவதில்லை. நூறு மில்லி லிட்டர் குடிநீரில் ஓர் ஈ.கோலைகூட இருத்தலாகாது என்பது இன்றைய அளவுகோல். ஆக, ஒளூவுக்குச் செல்லுபடியாகும் நீரெல்லாம் குடிக்கத் தகுந்த நீராகிவிடாது. ஹவ்ளின் நீரை நம்பி அள்ளிக் குடிப்போர் இதனை உணர வேண்டும்.

இதனால் பிக்ஹுச் சட்டம் குறைபட்டதென எவரும் எண்ணற்க. அச்சட்டம் வணக்கம் செல்லுமா என்பதைத் தீர்மானிக்க வந்தது. உயிரைக் காப்பதற்கு மார்க்கத்தில் வேறு கட்டளைகள் உண்டு. தேங்கிய நீரிற் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்தார்கள்; உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமற் பாத்திரத்துள் இடலாகாது என்றும் பணித்தார்கள். கண்ணால் அழுக்கைக் காணாத நிலையிலும் பேணுதல் வேண்டும் என்பதே அவ்விரண்டாம் கட்டளை தரும் படிப்பினை. நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பதும், கழிப்பிடம் சென்று வந்தபின் சோப்பிட்டுக் கைகழுவுவதும், மலக்குழியைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைப்பதும் அப்படிப்பினையின் வழிப்பட்டனவே. நம் மக்தபுகளில் தண்ணீர்ப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் குல்லத்தின் அளவைச் சொல்லி முடித்தபின், இதனையும் சேர்த்துச் சொல்வார்களாக.