மலாயாத் தோட்டங்களில் தமிழர் காலூன்றிய கதை

மலாயாவுக்குத் தமிழகத்திலிருந்து கூலித் தொழிலாளர் போகத் தொடங்கியது ரப்பருக்கு முன்பே. 1786இல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு வணிகரும் சிப்பாய்களும் கைதிகளும் அங்கே போய்ச் சேர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். சஞ்சிக்கூலிகள் என்று அழைக்கப்பட்ட இவர்கள், ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. 1896 வாக்கில் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்த பத்தாண்டுகளில் மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட, மேற்குக் கரையோரக் காடுகள் மளமளவென்று தோட்டங்களாயின. அவ்வளவு தோட்டங்களுக்கும் ஒப்பந்த முறையில் ஆள் சேர்த்து மாளாது. அதன் கெட்ட பெயரும் வளர்ந்திருந்ததால், 1910உடன் புதிய ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன.

அதன் இடத்தைப் பிடித்தவர் கங்காணி. தோட்டத்தில் சில காலம் வேலை செய்து துரையின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், உரிமத்தோடு தம் சொந்த ஊருக்கே திரும்பிவந்து உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு போனார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து அதிகம் பேர் போனது இப்படித்தான். அவர்களில் கணிசமானோர் நிலமற்ற ஆதிதிராவிடர். கங்காணிக்குச் சேர்த்த ஆளுக்கு ஒரு தொகையும், தம் ஆட்கள் வேலைக்கு இறங்கும் நாளுக்குத் தலைக்காசும் கிடைத்தன. 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் எல்லாரும் பணம் செலுத்தினர். கப்பல் கட்டணம் அதிலிருந்து போனதால் தொழிலாளி கடனில்லாமல் கரையிறங்கினார். ஒரு மாத முன்னறிவிப்புடன் வேலையை விட்டுப் போகவும் சட்டம் இடம் கொடுத்தது. போகிற இடமும் இன்னொரு தோட்டமாகவே இருக்கும் என்பது வேறு விஷயம்.

நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் ஆட்களைச் சில நாள் வைத்திருந்து, அம்மை குத்தி, மருத்துவச் சோதனை செய்து கப்பலேற்றினார்கள். 1926 முதல் ஓடிய ‘ரஜூலா’ போன்ற கப்பல்களின் தளத்தில், கடல் அமைதியாக இருந்தால் ஒரு வாரப் பயணம். அந்தப் பக்கம் இறங்கியவுடனும் ஊருக்குள் விடுவதில்லை. பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவு போன்ற இடங்களில் தனிமைப்படுத்தல் முகாம் காத்திருந்தது. அங்கிருந்து லாரியிலோ ரயிலிலோ ஏறினால் நேரே தோட்டம். நகரம், சந்தை, மலாய்க் கம்பம் (கிராமம்) எதிலும் கால் வைக்காமலே பலர் தங்கள் புது வாழ்க்கைக்குள் வந்துவிட்டார்கள்.

முதல் ஆண்டுதான் கண்டம். காட்டைத் திருத்திய நிலத்தில் மலேரியா கூலிகளை வாரிக்கொண்டு போயிற்று. அந்தக் காய்ச்சலுக்குப் பழகாத உடம்புகள் வந்த சில மாதங்களிலேயே சரிந்தன. 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் ஊரைச் சுற்றியிருந்த சதுப்புகளை வடிகாலிட்டு வற்றவைத்து, மரண எண்ணிக்கை சட்டென்று குறைந்ததைக் காட்டினார். தாழ்நிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தால் கொசு ஒழிந்தது. குன்றுப்பகுதித் தோட்டங்களிலோ காட்டை வெட்டியதால்தான் நோய் பெருகிற்று. வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு வகைக் கொசு முட்டையிட்டது. அங்கே ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களில் விடவேண்டியிருந்தது, தேங்கிய நீரில் எண்ணெய் தெளிக்க வேண்டியிருந்தது. இந்தச் செலவைக் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போட்ட தோட்டங்களில் சாவு தொடர்ந்தது. காலையில் வரிசையில் நிறுத்திக் கொய்னா கொடுப்பது நெடுங்காலம் தோட்ட வழக்கமாக இருந்தது.

உணவில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ஊரில் கூலிக்குடும்பங்களின் அன்றாட உணவு கேழ்வரகுக் கூழும் கம்பும். அரிசிச்சோறு அடிக்கடி கிடைக்காது. தோட்டத்தில் மூன்று வேளையும் அரிசி என்றாயிற்று. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசியைத்தான் தமிழர் கேட்டு வாங்கினர். அதே காலத்தில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் தீட்டிய பச்சரிசியைத் தின்று பெரிபெரி நோயில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஒரே நாடு, ஒரே தட்பவெப்பம். தமிழரை அந்த நோய் பெரும்பாலும் அண்டவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து, 1907இல் வெளியிட்ட நூலில் நோய்க்குக் காரணம் அரிசிதான் என்று வாதிட்டார். அதை அடுத்து ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர் நடுவே இரு வகை அரிசியையும் கொடுத்துப் பார்த்து, அரிசியைத் தீட்டும்போது போகும் சத்தே குறை என்று நிறுவினர். நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. சத்துக் கணக்கெல்லாம் தெரியாமல், நாக்குக்குப் பழகியது என்பதற்காகவே விடாமல் வைத்திருந்த ஒரு வழக்கம் தமிழர் உயிரைக் காத்தது. மருத்துவ வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு.

தோட்டத்து நாள் இருட்டிலேயே தொடங்கும். விடியுமுன் மணியடித்ததும் ஆண்களும் பெண்களும் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய் வரிசையில் நிற்க, கிராணி (எழுத்தர்) பெயர் கூப்பிடுவார். பிறகு அவரவர் நிரைக்கு. வெயில் ஏறுமுன் மரம் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும். ஒருவருக்கு முந்நூறு, நானூறு மரங்கள். பட்டையில் சரிவாக மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். ஆழமாகப் போனால் மரம் கெடும், மேற்பார்வை பார்க்கும் தண்டலின் ஏச்சும் கிடைக்கும். கடைசி மரத்தைச் சீவி முடித்ததும் முதல் மரத்திலிருந்து மங்குகளில் (கிண்ணங்களில்) நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டா (சுமைத்தடி) போட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். முந்தைய நாள் கோட்டில் உறைந்துநின்ற ஒட்டுப்பாலும் கணக்கில் சேரும். மதியத்துக்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். மழை பெய்தால் சீவ முடியாது. அன்று கூலியும் இல்லை. கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவே மரம் சீவினர். கூலி மட்டும் சமமில்லை. 1920களின் கடைசியில் அரசு வரையறுத்த நாட்கூலி பல இடங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

உழவர்களாக வந்தவர்களுக்கு இந்தக் கடிகார வாழ்க்கையைவிடப் புதியது, பருவமில்லாத ஆண்டு. ஆடியில் விதைத்துத் தையில் அறுக்கிற கணக்கு இங்கே செல்லாது. ஆண்டு முழுதும் மழை, ஆண்டு முழுதும் பால். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்த்துப் பால் குறையும் நாட்கள்தாம் ஒரே மாறுதல். பொங்கலுக்குப் புதுநெல் இல்லை. ஆனாலும் பொங்கல் போகவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாதான் ஆண்டின் பெரிய நாளாக வளர்ந்தது. மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் என்று அவரவர் ஊர்த் தெய்வங்கள் மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் எழுந்தருளினர். தீமிதி, காவடி எல்லாம் உண்டு. துரைமார் இதற்கு விடுமுறையும் சில இடங்களில் பணமும் கொடுத்தது பக்தியால் அன்று. கோயில் இருக்கும் தோட்டத்தைவிட்டு ஆள் எளிதில் போகமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சாதியும் கப்பலேறி வந்தது. தொடக்க காலத்தில் பல தோட்டங்களில் ஆதிதிராவிடருக்கு லயன் (வரிசை) வீடுகள் தனி. கோயிலிலும் எல்லை இருந்தது. ஆனால் ஒரே பெரட்டு, ஒரே நிறுவை, சாதி பாராத ஒரே கூலி என்ற ஏற்பாட்டில் ஊரின் கட்டுப்பாடு பழைய இறுக்கத்தோடு நிற்க முடியவில்லை. 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்தது சீர்திருத்தக் குரல்களுக்கு ஊக்கம் தந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இதழைத் தோட்டங்களில் ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்டனர்.

தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்ததையும் சொல்ல வேண்டும். கூலியில் ஒரு பங்கு அங்கே போயிற்று. மீதியில் ஒரு பங்கு கடன் கணக்கு வைத்த சீனர் மளிகைக்கடைக்கு. எஞ்சியது மணியார்டராக ஊருக்கு. கடைக்காரரோடு பேசச் சந்தை மலாய் நாலு சொல் போதும். அதற்கு மேல் வெளியுலகத் தொடர்புக்குக் கிராணியே வாய். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் விதித்தது. கங்காணியோ கிராணியோ வாத்தியாராக இருந்த அந்தப் பள்ளிகள் எழுத்தறிவித்தன. படித்து முடித்த பிள்ளை போய் நின்றதோ பெரும்பாலும் பெரட்டில்தான்.

இந்த ஏற்பாடு எவ்வளவு உறுதியற்றது என்பதை 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் காட்டிற்று. கூலி வெட்டப்பட்டது, லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தது. புதிய ஆட்கள் வருவது நின்றபின் தோட்டத்தில் மிஞ்சியவர்கள் போய்வருகிறவர்கள் என்ற நிலை மாறி, குடியிருப்பவர்கள் ஆனார்கள். அவர்கள் குரலும் மாறிற்று. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முன்நின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு, கள்ளுக்கடையை மூடுவதும், துரை எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிப்பதும் கோரிக்கைகளாயின. அரசு துருப்புகளை இறக்கி அதை அடக்கிற்று. அடுத்துவந்த போர்க்காலச் சப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிழைத்தவர்களும், சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு மீளாதவர்களும் இதே மக்கள்தாம். போருக்குப் பின் 1946, 1947இல் கெடாவில் தொண்டர் படை என்ற அமைப்பு கள்ளுக்கடைகளை மீண்டும் எதிர்த்தது.

1957இல் நாடு விடுதலை அடைந்தபோது பல தோட்டங்களில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை வளர்ந்திருந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் பலர் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியிருந்தது. பிறப்புச் சான்று, வசித்ததற்கான சான்று, மலாய் அறிவு எல்லாம் தேவைப்பட்டன. தோட்டத்துக்கு வெளியே எந்த அலுவலகத்துக்கும் போயறியாத பலர் அதைச் செய்யவில்லை. செய்யத் தூண்டவும் ஆளில்லை. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளரே பங்கு போட்டுத் தோட்டம் வாங்க வீ. தி. சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். 1969இல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. சீட்டு கிடைக்காமல், ஆயுள் முழுதும் அங்கே மரம் சீவிய பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். தோட்டத்துக்கு அவர்கள் முழுமையாகப் பழகியிருந்தார்கள். நாட்டோடு பழகத் தோட்டம் அவர்களுக்கு வழிவிடவில்லை.