வாயில் மறுத்தல்

அகப்பாடல்களைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ‘வாயில்’ என்ற சொல்லில் மாணவர்கள் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். கதவுள்ள இடம் என்றே அவர்கள் பொருள் கொள்வர். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சொல்லைக் கொண்டு செல்லும் தோழியும் பாணனும் விறலியும் வாயில்களே என்று தொல்காப்பியத்தின் கற்பியலைக் காட்டி விளக்குவேன். பரத்தையிடமிருந்து மீளும் தலைவன் அனுப்பிய தூதைத் தலைவி ஏற்க மறுப்பது ‘வாயில் மறுத்தல்’ என ஒரு துறையாகவே வகுக்கப்பட்டுள்ளது. இவ்வளவும் விளக்குகிற நானே அதே சொல்லில் தடுக்கி விழுந்தேன். அதன் பொருட்டுத் தேடிப் படித்த வரலாற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கிறது. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். இரவு எட்டரை மணிக்கு அம்மா அவனோடு முகம் பார்த்துப் பேசுவார். அந்த அரைமணி நேரத்துக்காகவே அவருடைய பகல் கழியும். சென்ற மழைக்காலத்தில், இணைய நிறுவனம் வைத்திருந்த பெட்டிக்குப் பின்னால் ‘ஃபயர்வால்’ எனப்படும் தீச்சுவர் கொண்ட ரவுட்டர் ஒன்றை நானாக வாங்கி இணைத்தேன். அன்றிலிருந்து இணையம் இல்லை. “இன்னிக்கும் வரலையாப்பா?” என்று அம்மா மூன்று இரவுகள் கேட்டார்.

எங்கள் ஊர்க் குடைவரைக் கோயிலில் நரசிம்மர் மலையோடு மலையாக அமைந்திருப்பதால், அவரை வலம் வர வேண்டுமானால் மலையையே சுற்றிவர வேண்டும். நானும் பிழையை நேரே அணுக வழி தெரியாமல் மூன்று நாள்கள் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அமைப்புப் பக்கத்தில் ‘கேட்வே’ என்றொரு கட்டம். எங்கள் ஊரில் ‘கேட்’ என்றால் நெடுங்காலமாக ரயில்வே கேட்தான். அந்தப் பழக்கத்தில் நான் அதைக் கதவு என்றே கொண்டேன். வீட்டுக்குக் கதவு இந்தப் பெட்டிதானே என்று, அதன் எண்ணையே அங்கும் எழுதினேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

அச்சொல்லின் பிறப்பு 1974ஆம் ஆண்டு மே மாதத்தைச் சேர்ந்தது. விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்று அம்மாதம் வெளிவந்தது. வெவ்வேறு இலக்கணம் கொண்ட வலைப்பின்னல்கள் தத்தம் இயல்பை விடாமல் ஒன்றோடொன்று பேசுவது எப்படி என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. இரண்டு வலைகளிலும் ஒவ்வொரு கால் ஊன்றி நின்று, இங்கே வாங்கி அங்கே கொடுக்கும் ஓர் இடையாளை அவர்கள் அமைத்தார்கள். அதற்கு இட்ட பெயரே ‘கேட்வே’. 1977 நவம்பர் 22 அன்று வானொலி, செயற்கைக்கோள், தரைவழிக் கம்பி என்னும் மூன்று வகை வலைகளை இத்தகைய இடையாட்கள் இணைத்தன. கலிஃபோர்னியச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியிலிருந்து புறப்பட்ட செய்தி, அட்லாண்டிக்கைக் கடந்து லண்டன் சென்று அமெரிக்காவுக்கே திரும்பியது.

1987ஆம் ஆண்டின் இணைய விதி ஆவணம் அக்கருவிகளைக் ‘கேட்வே’ என்றே அழைக்கிறது. 1995 ஜூனில் அதற்கு மாற்றாக வந்த ஆவணம் அவற்றையே ‘ரவுட்டர்’ என்கிறது. பழைய பெயர் நம் அமைப்புப் பக்கத்தின் ஒற்றைக் கட்டத்தில் மட்டும் தங்கிவிட்டது. செர்ஃபும் கானும் கருதியது நம் பாணனைப் போன்ற ஒருவனைத்தான். ஆகவே அக்கட்டம் கேட்பது நம்முடைய பெயரை அன்று. நமக்கு அடுத்து நின்று நம் செய்தியை ஏந்திச் செல்பவனின் பெயரை. அவன் நம் தெருவிலேயே, நாம் நேரில் எட்டக்கூடிய எண் வரிசையிலேயே இருக்க வேண்டும்.

எண்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1981இல் வகுக்கப்பட்ட 32 பிட் முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி எண்களே உள்ளன. அவை போதாமல் போகும் என்று அஞ்சி, 1994இல் எகேவாங், ஃபிரான்சிஸ் ஆகியோர் முகவரி மாற்று முறையை முன்வைத்தனர். அதே ஆண்டு மார்ச்சில், யாரும் எவரையும் கேளாமல் தம் வீட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளச் சில எண் வரிசைகள் ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்குவது அவற்றுள் ஒன்று. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, தொலைபேசிவழி இணைந்த வீட்டுக் கணினிக்கு இக்கவலை பெரும்பாலும் இல்லை. 2005க்குப் பின் அகலப்பட்டை பரவி, ஒரே இணைப்பைப் பல கருவிகள் பங்கிட்டபோதுதான் 192.168.1.1 நம் வீடுகளுக்குள் குடிவந்தது. இன்று எண்ணற்ற வீடுகளில் அதே எண் இருக்கிறது. வீட்டுக்கு வீடு மறைந்திருப்பதால் மோதல் இல்லை.

என் வீட்டில் மோதியது. நிறுவனத்தின் பெட்டியும் 192.168.1.1; நான் வாங்கிய பெட்டியும் அதுவே. வெளியே செல்ல வேண்டிய செய்தியை 192.168.1.1இடம் கொடு என்ற கட்டளை வந்ததும், என் ரவுட்டர் அதைத் தன்னிடமே கொடுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு, வீட்டுப் பக்கத்துக்கும் நான் ஒரு கேட்வே எழுதியிருந்தேன். இவ்வகைப் பெட்டிகளுள் சில, கேட்வே எழுதப்பட்ட பக்கத்தை வெளியுலகம் என்றே கொள்ளும்.

இது விளங்கியபின் வேலை கால்மணி நேரம்தான். என் ரவுட்டரின் வீட்டுப்பக்க எண்ணை 192.168.10.1 என்று மாற்றினேன். வீட்டுப் பக்கத்தின் கேட்வே கட்டத்தை வெறுமையாக விட்டேன். வெளிப்பக்கம், நிறுவனத்தின் பெட்டி தரும் எண்ணையும் கேட்வேயையும் தானாகவே பெற்றுக்கொள்ளுமாறு செய்தேன். வீட்டுக் கருவிகள் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் அவற்றைத் துண்டித்து மீண்டும் இணைத்தேன். பின்னர் அருகிலிருந்து தொலைவு நோக்கி ‘பிங்’ அனுப்பிப் பார்த்தேன்: முதலில் 192.168.10.1, அடுத்து 192.168.1.1, அதன்பின் வெளியுலகின் 8.8.8.8, இறுதியில் ஒரு தளத்தின் பெயர். எந்தப் படியில் விடை நிற்கிறதோ, பிழையை அங்கே தேடலாம். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வராவிட்டால் குற்றம் கேட்வேயினுடையது அன்று. பெயரை எண்ணாக்கித் தரும் டி.என்.எஸ். அமைப்பினுடையது.

தீச்சுவரின் மேல் நான் கொண்ட ஐயமும் அப்போது நீங்கியது. 1988 நவம்பரில் மாரிஸ் புழு இணையத்தை முடக்கியபின், எல்லோருடைய செய்தியையும் ஏற்றுக் கடத்துவது அறிவுடைமை அன்று என்னும் எண்ணம் வலுத்தது. இடையாளுக்கே மறுக்கும் உரிமையும் தரப்பட்டது. வாயில் மறுத்தல் என்று நாம் படித்த துறைதான்! ஆனால் மறுக்கிறதா, செய்தி வந்தே சேரவில்லையா என்று பிரித்தறிய வேண்டும். நான் மூன்று நாள்கள் மறுப்பு விதிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தூதனோ வீட்டைவிட்டே கிளம்பியிருக்கவில்லை.

நான்காம் இரவு எட்டரை மணிக்குத் திரையில் தம்பியின் முகம் தெரிந்தது. “ஏம்ப்பா இளைச்சுட்டே?” என்றார் அம்மா. மூன்று நாள்களில் யாரும் இளைத்துவிடுவதில்லை என்று நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் வாயில் மறுத்தல் வருகிறது, இம்முறை 192.168.1.1இலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.