கடைசி ரயில்

ஆகஸ்ட் 1939. நேற்றுவரை பரம எதிரிகளாக முறைத்துக்கொண்டிருந்த ஜெர்மனியும் சோவியத் யூனியனும் மாஸ்கோவில் ஒப்பந்தம் போட்டன. பத்து வருஷத்துக்குச் சண்டை கிடையாது. ஹிட்லரின் நலனுக்காக ஸ்டாலினே கோப்பையை உயர்த்தினார்! உலகம் வாயைப் பிளந்தது.

நட்பா? அதெல்லாம் இல்லை. ஹிட்லருக்குத் தானியமும் எண்ணெயும் வேண்டும். ஸ்டாலினுக்கு அவகாசம் வேண்டும். போலந்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே உரசல். பின்லாந்தில் யார் கை ஓங்குவது, ருமேனியாவில் யார் கை ஓங்குவது? நவம்பர் 1940-ல் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் பெர்லினுக்கே போய்க் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். டிசம்பர் 18-ம் தேதி, ரஷ்யாவைத் தாக்கும் ரகசிய உத்தரவில் ஹிட்லர் கையெழுத்திட்டார். கூத்தைப் பாருங்கள், அடுத்த மாதமே இருவருக்கும் புது வர்த்தக ஒப்பந்தம்!

'தாக்கப்போகிறார்கள்' என்று டோக்கியோவிலிருந்து உளவாளி ஸோர்கே எச்சரித்தார். ஸ்டாலின் நம்பவில்லை. பிரிட்டன் மூட்டிவிடுகிறது என்று நினைத்தார்.

ஜூன் 22, 1941. விடிவதற்கு முன், ரஷ்யத் தானியத்தோடு ஒரு ரயில் எல்லையைத் தாண்டி ஜெர்மனி பக்கம் போனது. சில மணி நேரத்தில் எதிர்த்திசையில் படை கிளம்பியது, முப்பது லட்சம் பேருக்கு மேல். யுத்தம் முடிந்தபோது சோவியத் மக்களில் செத்தவர்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம்.

இரண்டு பேரும் வாங்கியது நேரத்தைத்தான். ஒருத்தர் அதில் தேதி குறித்தார். இன்னொருத்தர் கடைசிவரை ரயில் அனுப்பிக்கொண்டிருந்தார்.