குதிரை தேய்த்த கைகள்: ஒரு வரலாற்று நோக்கு

நல்லூர் முத்திரைச் சந்தியைக் கடந்து செல்வோர், அங்கே குதிரைமீது வீற்றிருக்கும் சங்கிலியனின் சிலையைக் காணாமற் செல்லுதல் அரிது. 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடம் நல்லூர் வீழ்ந்த கதையை அச்சிலை இன்றும் நினைவூட்டி நிற்கின்றது. அம்மன்னனைப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் நாடகத் தலைவனாக்கினார். வரலாற்றாசிரியர் பலர் அவனது ஆட்சியை ஆராய்ந்தனர். எனினும், அவன் ஏறிய பரியைக் காலையும் மாலையும் தேய்த்துவிட்டவன் யார் என்று வினவுவது நம்மிடையே வழக்கமன்று. சிறுபிள்ளைத்தனமானது போலத் தோன்றும் இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் நாணயங்களிலே 'சேது' என்னும் சொல்லோடு காணப்படுவது நந்தியின் உருவமேயன்றிக் குதிரையன்று. குதிரை இம்மண்ணுக்குரிய விலங்குமன்று. ஆயினும் அம்மன்னர்களின் முன்னோர் எந்த அரசவையைச் சார்ந்திருந்தனர் என்பதை நோக்கினால் குதிரையின் கதை தெளிவாகும். மாறவர்மன் குலசேகர பாண்டியனின் படைத்தலைவனான ஆரியச்சக்கரவர்த்தி, 1284ஆம் ஆண்டளவில் யாப்பகூவாவைத் தாக்கித் தந்ததாதுவைக் கவர்ந்து சென்ற செய்தியைச் சூளவம்சம் கூறும். அந்தக் குலசேகரனது காலத்திலேதான் பாண்டிநாட்டின் பொன், குதிரைகளின் பொருட்டுக் கடல்வழியே வெளியேறிக் கொண்டிருந்தது.

கடல்வழிக் குதிரை வாணிகம் அதற்கும் மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்திலே குதிரைகள் வந்திறங்கியமையைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் இடைக்காலக் கல்வெட்டுக்களில் இடம்பெறுகின்றனர். திருவெம்பாவைக் காலத்தில் நம் ஊர்க் கோயில்களிலே திருவாதவூரடிகள் புராணம் படிக்கக் கேட்டோர்க்கு, குதிரை வாங்கக் கொண்டுசென்ற அரசன் பொருளை அமைச்சர் திருப்பணியிற் செலவிட்ட கதையும், நரிகள் பரிகளான கதையும் மனப்பாடம். காலையிற் குதிரை, இரவிலே நரி! இறைவனது திருவிளையாடலென்று நாம் கைகூப்பும் அக்கதையிலே, பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் பந்தியில் நிலையாமற் போவதைக் கண்ட ஒரு நாட்டின் ஏக்கமும் கலந்திருக்கலாம் என எனக்குத் தோன்றுகின்றது. இஃது என் ஊகமே.

அவ்வேக்கத்திற்குக் காரணமிருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைகளுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, மாபார் எனப்பட்ட பாண்டிநாட்டின் அரசன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினான் என்றும், அவன் சகோதரரும் அவ்வாறே வாங்கினர் என்றும், ஒவ்வொன்றின் விலையும் 100 மார்க் வெள்ளிக்கு மேற்பட்ட பொன் என்றும் எழுதினார். ஆண்டிறுதியில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லையாம். பேணத் தெரிந்தவர் இல்லாமையே காரணம் என்பது அவர் கூற்று. ஓர்மசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை கொண்டுவரும் வணிகர், குதிரை மருத்துவர் எவரும் அங்கு செல்லாதவாறு பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் குற்றஞ்சாட்டுகின்றார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் தரும் கணக்கு இதனினும் பெரிது: ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலம் விலைகொடுத்தது என்கின்றார் அவர். இறந்தாலும் விலை கிடைக்குமெனின், குதிரை நெடுநாள் வாழவேண்டுமென்று வணிகன் ஏன் கவலைப்படுவான்?

இவ்வெண்களை அப்படியே ஏற்றல் தகாது. வாசாப் இந்தியாவுக்கு வந்தவரல்லர். மார்க்கோ போலோவோ வியப்பூட்டுவதில் விருப்புடையவர். ஆனால் எண்களைக் காட்டிலும் வாசாப் கூறும் ஒரு நடைமுறையே நம் கவனத்துக்குரியது. குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பால் பருக்கி, கொழுக்கும் பொருட்டு நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டிவைத்தனராம். பின்பு பழக்காமலே வீரர்கள் அவற்றின் மீதேறிப் பேய்போல ஓட்டினராம். அதாவது, பஞ்சத்தாலன்றி உபசாரத்தாலே அக்குதிரைகள் மாண்டன.

இதனை விளங்கிக்கொள்ளக் குதிரையின் உடலமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். முன்னங்காலிலே முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. எலும்பும் தசைநாணும் தோலுமே உள்ளன. குளம்பு நிலத்திற் பதிந்தெழுந்தோறும் அதனுள்ளிருக்கும் குருதி மேலே தள்ளப்படுகின்றது. நடவாத குதிரையின் கால்கள் வீங்குவதற்கு இதுவே காரணம். மிகுதியான தானியமோ குளம்பின் உட்பகுதியை அழற்றி, அதனை நிற்கவும் மாட்டாததாக்கிவிடும். ஐரோப்பாவிலே வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிறன்று முழுத் தீனியும் முழு ஓய்வும் கொடுத்து, மறுநாள் வேலைக்கு ஓட்டியபோது, பின்தொடைத் தசைகள் கல்லாக இறுகிச் சிறுநீர் கருத்து அவை வீழ்ந்தன. திங்கட்கிழமை நோய் என்றே அதற்குப் பெயர் வழங்கியது. ஒருநாள் ஓய்வே இவ்வாறு செய்யுமெனின், நாற்பது நாட்களைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. வெப்ப நாட்டின் காற்று ஒவ்வாமையே அக்குதிரைகளைக் கொன்றது என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மையன்று.

அறிவு இல்லாமலா இவ்வாறு நேர்ந்தது? அதுவுமன்று. அர்த்தசாஸ்திரம் குதிரைத் தலைவனுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. குதிரைகளை நாளுக்கு இருமுறை நீராட்டிச் சந்தனம் பூசி மாலையிட வேண்டுமென விதிக்கும் அந்நூல், தவறான மருந்தினாலே குதிரை இறப்பின் மருத்துவன் அதன் விலையைத் தண்டமாகச் செலுத்தவேண்டும் என்றும் கூறுகின்றது. சாலிகோத்திரர், நகுலர் பெயர்களில் வழங்கும் அசுவ நூல்கள் குதிரையின் இலக்கணத்தையும் நோயையும் விரிக்கின்றன. நகுலரது அசுவ சாஸ்திரத்தை வண்ண ஓவியங்களுடன் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் வெளியிட்டது. நம் நாட்டிலோ யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் விளங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் எண்ணெய்களையும் குளிகைகளையும் வகைவகையாக எடுத்துரைக்கின்றன. ஏட்டிலே கல்வி இருந்தது. ஆனால் ஏட்டைப் படித்தவன் லாயத்துக்குள் இறங்குவதில்லை. லாயத்தில் நின்றவன் கையில் ஏடு இல்லை. இவ்விருவருக்குமிடையே கிடந்த சமூக இடைவெளியிலேதான் பாண்டியனின் பொன் கரைந்தது என்பது என் கருத்து.

மார்க்கோ போலோவுக்கு ஏறத்தாழப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னே, கிரேக்கரான செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலிலே ஒரு நுட்பமான குறிப்பு உண்டு. குதிரையின் உடலைத் துலக்குதற்குக் கருவிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் முதுகெலும்பின் மேலுள்ள மயிரிலே எக்கருவியும் படலாகாது, மயிர் சாயும் திசையிற் கையாலேயே தேய்க்கவேண்டும் என்கின்றார் அவர். கருவி எங்கே நிற்கவேண்டும், கை எங்கே தொடங்கவேண்டும் என்ற வரம்பு அங்கேயே வகுக்கப்பட்டுவிட்டது. இந்தியக் குதிரைக்காரரும் இரும்புப் பற்சீப்பு, முறுக்கிய வைக்கோற்புரி ஆகியவற்றைப் பயன்படுத்தியபின், உள்ளங்கையாலும் முன்கையாலும் உடற்பாரத்தைச் சாய்த்துக் குதிரையைத் தேய்த்தனர். மாலீசு என்று தமிழில் வழங்கும் சொல், தேய்த்தலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து உருதுவின் வழியாக வந்ததாகும். தொழில் தெரிந்தோரோடு சொல்லும் வந்தது போலும்.

இன்று இக்கலை மேலைநாடுகளிலே கருவிமயமாகிவிட்டது. கையடக்கமான மின்னதிர்வுப் பொறிகள், காந்தத் துடிப்பு எழுப்பும் போர்வைகள், குதிரையை ஏற்றி நிறுத்தும் அதிரும் தளங்கள் எனப் பலவும் பந்தயக் குதிரைகளுக்குப் பயன்படுகின்றன. விளையாட்டு வீரரின் தசைகளைப் பிடித்துவிட்ட அனுபவமுள்ள அமெரிக்கரான ஜாக் மீகர், அம்முறையைக் குதிரைக்குப் பொருத்தி 1985இல் ஒரு நூல் எழுதினார். 1993இல் வெளியான ஓர் ஆய்வு இதனினும் சுவையானது. பிரான்சின் கமார்க் குதிரைகள் ஒன்றையொன்று பல்லாற் சுரண்டிக்கொள்ளும் இடமாகிய கழுத்தடியைக் கையால் தேய்த்தபோது அவற்றின் இதயத் துடிப்புத் தணிந்தது. பிறிதோரிடத்தைத் தேய்த்தபோது தணியவில்லை. பொறியை எங்கே வைப்பது என்பதனையும் முதலிற் குதிரையிடமே கற்கவேண்டியுள்ளது. நடையில்லாத குதிரையை எந்தத் தேய்ப்பும் காப்பாற்றாது என்பதும் உண்மையே. ஆயினும் நாள்தோறும் தேய்ப்பவனது கைக்கு முதுகின் புண்ணும், காலின் சூடும், தசைநாணின் சிறு வீக்கமும் முதன்முதலிற் புலப்படும். அதிரும் பொறி வீக்கத்தைத் தணிக்கலாம். வீக்கம் இருப்பதை அது எவருக்கும் சொல்லாது. பாண்டியன் பந்தியில் இல்லாதது அந்தச் செய்தியே.

நம் தீபகற்பத்தை அண்டிய நெடுந்தீவிலே இக்கதையின் மறுபுறத்தைக் காணலாம். ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழியினவாகிய மட்டக்குதிரைகள் அங்கு இன்றும் தாமாகத் திரிகின்றன. ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினர். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்னும் அதிகாரி அதனை மேற்பார்த்தார். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. எனினும் கோடையிலே குடிநீர் வற்றும்போது குதிரைகள் மடிவது இன்னும் நின்றபாடில்லை.

குறிகட்டுவானிலிருந்து படகேறி நண்பர் சிலருடன் ஒருமுறை அங்கு சென்றிருந்தேன். ஒல்லாந்தர் காலத்தது எனப்படும் லாயத்தின் கற்றூண்கள் வெயிலிலே வரிசையாக நின்றன. கூரை இல்லை, குதிரையும் இல்லை. அப்பால் வெளியிலே இரண்டு மட்டக்குதிரைகள் எதிரெதிர்த் திசையில் முகம்வைத்து நின்று, ஒன்றன் கழுத்தடியை மற்றது பல்லாற் சுரண்டிக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி நின்ற மூன்றாவதன் முன்னங்கால் கணுக்கருகே பருத்திருந்தது. அருகே செல்ல முயன்றோம். மனிதக் கை பட்டறியாத அது, நொண்டியபடியே பனைகளுக்குள் விலகிச் சென்றது.