ஊசித் தட்டு

ஊசித் தட்டு என்பது தையல் இயந்திரத்தில் ஊசி இறங்கும் இடத்தில் பொருத்தப்படும் எஃகுத் தகடு ஆகும். துணியைக் கீழிருந்து தாங்குவதும், ஊசிக்கும் ஊட்டுப்பல்லுக்கும் வழிவிடுவதும் இதன் பணிகள். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் இது "நீடில் பிளேட்" என்று வழங்கப்படுகிறது. பின்னல் துணி நெய்த துணியைவிட நெகிழ்வானது. ஆகையால் பனியன், டி-சர்ட் போன்றவற்றைத் தைக்கும்போது இத்தட்டிலுள்ள துளையின் அளவு தையலின் தரத்தை நேரடியாகப் பாதிக்கிறது.

வரலாறு

ஐசக் சிங்கர் 1851இல் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மேலெழுந்து, முன்னகர்ந்து, கீழிறங்கி, பின்வரும் நான்கசைவு ஊட்டுமுறைக்கு ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை பெற்றார். இம்முறையில் பல் தட்டின் கீழிருந்து எழுவதால், ஊசித் துளையுடன் பல்லுக்கான நீள் பிளவுகளும் தட்டில் தேவைப்படுகின்றன.

செயற்படும் விதம்

ஊசி இறங்கும்போது துணியையும் கீழே அழுத்துகிறது. துளை மிகப் பெரிதாக இருந்தால் தாங்குவதற்கு ஒன்றுமின்றித் துணி துளைக்குள் அமிழும். ஊசி மேலேறத் தொடங்கும்போது நூல் சிறு வளையமாக விரிகிறது. அவ்வளையத்தைக் கொக்கி அல்லது லூப்பர் பிடித்தால்தான் தையல் உருவாகும். அமிழ்ந்த துணி ஊசியுடன் சேர்ந்து மேலெழுந்தால் வளையம் சரியாக விரியாது. தையல் விடுபடும், ஓரம் சுருங்கும்.

துளை மிகச் சிறிதாக இருப்பதும் தீங்கே. நூல் உராய்ந்து அறும். சற்றே வளைந்த ஊசி தட்டில் இடித்து முறியும். மேலும், ஊசி நுழையும்போது துணியின் கண்ணிகள் விலகிக்கொள்ள இடமின்றி அறுந்துவிடக்கூடும்.

ஊசியின் எண், அதன் தண்டின் தடிமனை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 75 எண் ஊசியின் தடிமன் 0.75 மி.மீ. ஆகும். இது 2.0 மி.மீ. துளையில் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் 0.625 மி.மீ. இடைவெளி இருக்கும், 1.2 மி.மீ. துளையில் அது 0.225 மி.மீ. ஆகக் குறையும். எனவே ஊசியின் எண்ணை மாற்றும்போது தட்டையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மரவேலையுடன் ஒப்பீடு

மேசை ரம்பத்தில் வாளைச் சுற்றியுள்ள தட்டுக்கும் இதே பணி உண்டு. அங்கு துளையற்ற பலகை ஒன்றைப் பொருத்தி, நன்கு இறுக்கிப் பிடித்து, சுழலும் வாளை மெல்ல உயர்த்தி அதைக் கொண்டே பிளவை வெட்டுவர். பிளவு வாளின் அகலமே இருப்பதால் மரத்தின் அடிப்பக்க நார்கள் பிய்வதில்லை. மெல்லிய துண்டுகளும் உள்ளே விழுவதில்லை. தையல் இயந்திரத்தில் இத்தகைய சுழிய இடைவெளி இயலாது. ஊசியுடன் நூலும் துளை வழியே செல்ல வேண்டும். ஊசியின் சிறு வளைவுக்கும் இடம் வேண்டும்.

வகைகள்

* பூட்டுத் தையல் தட்டு: ஒற்றை வட்டத் துளை உடையது. வளைதையல் போடும் வீட்டு இயந்திரங்களில் துளைக்குப் பதில் அகலமான பிளவு இருக்கும். மெல்லிய பின்னல் துணியை நேர்த்தையலிட இது உகந்ததன்று.
* ஓவர்லாக் தட்டு: ஊசித் துளையை ஒட்டி நாக்கு போன்ற பகுதி இருக்கும். நூல் அதன்மீது சுற்றித் தையலாகிறது. நாக்கின் அகலம் தையலின் அகலத்தைத் தீர்மானிக்கிறது.
* பிளாட்லாக் தட்டு: திருப்பூரில் "பேட்லாக்" எனப்படும் இயந்திரத்துக்குரியது. இரண்டு அல்லது மூன்று ஊசிகளுக்கு இடமுடையது. 5.6 மி.மீ., 6.4 மி.மீ. என ஊசிகளின் இடைவெளிக்கு ஏற்பத் தட்டும் மாறும்.

பொருத்தும் முறை

1. மின்சாரத்தை நிறுத்தி, ஊசியையும் அழுத்துபாதத்தையும் கழற்ற வேண்டும்.
2. திருகுகளைக் கழற்றிப் பழைய தட்டை எடுத்து, அடியில் சேர்ந்துள்ள பஞ்சை நீக்க வேண்டும். பஞ்சு இருந்தால் புதிய தட்டு சமமாக அமராது.
3. தட்டைப் பொருத்தி, ஊட்டுப்பல் பிளவின் ஓரங்களில் உரசாததைச் சரிபார்க்க வேண்டும்.
4. புதிய ஊசியை மாட்டிச் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி துளையின் நடுவில் இறங்குவதை உறுதி செய்ய வேண்டும்.
5. ஓவர்லாக்கில் கீழ்க்கத்தியின் விளிம்பு தட்டின் மேற்பரப்புக்குச் சமமாக இருக்க வேண்டும்.
6. அதே துணியின் துண்டில் தைத்து, தையலை இழுத்துப் பார்க்க வேண்டும்.

தேய்மானமும் விளைவுகளும்

ஊசி ஒருமுறை இடித்தாலே துளையின் விளிம்பில் பிசிறு உண்டாகலாம். கண்ணுக்குப் புலப்படாத பிசிறை நூலையோ மெல்லிய துணியையோ தேய்த்துப் பார்த்து அறியலாம். சிறு பிசிறை நுண்ணிய உராய்பொருள் பூசிய கயிற்றால் மெருகிட்டு நீக்கலாம். துளையின் வடிவமே கெட்டிருந்தால் தட்டை மாற்றுவதே முறை. தேய்க்கத் தேய்க்கத் துளை பெரிதாகிவிடும்.

பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அது செக்கிங்கின்போது தெரியாமல், துவைத்த பின் ஓட்டையாக விரியக்கூடும். திருப்பூரில் ஆடைகளில் ஒரு பகுதி, பனியன் நிறுவனங்களிடமிருந்து துணி பெற்றுத் துண்டுக்கூலிக்குத் தைக்கும் "பவர் டேபிள்" கூடங்களில் உருவாகிறது. துண்டுக்கூலியில் பிரித்துத் தைக்கும் நேரம் வருவாயில் சேராது. விடுபட்ட தையலும் ஓட்டையும் தைப்பவரின் கவனக்குறைவாகவே எளிதில் கருதப்படுகின்றன. ஆனால் ஒரே இயந்திரத்தில், யார் தைத்தாலும் அதே குறை திரும்பத் திரும்ப வருமானால், ஊசியுடன் தட்டையும் சோதிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* தையல் இயந்திரம்
* பின்னலாடை
* திருப்பூர்